பாட்டு மங்கி மறைந்த பிறகு அந்த டேப்பில் என்ன இருந்தது?

ஒரு வாசகரின் கேள்வி, 4 ஜூன் 2023

எழுபதுகளில் அமெரிக்காவில் வந்த சோல், டிஸ்கோ பாடல்களில் பலவற்றை மூன்று, மூன்றரை நிமிடத்தில் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் முடித்துவிடுகிறார்கள். பாட்டு சூடு பிடிக்கிற இடத்தில்தான் மறைகிறது. வாசித்தவர்கள் அந்த இடத்தோடு கையை எடுத்திருக்க மாட்டார்களே? மிச்சம் எங்கே? அதையெல்லாம் என்றாவது வெளியிடுவார்களா, சும்மாதான் காத்திருக்கிறோமா?

4 ஜூன் 2023, இரவு

கையை எடுக்கவில்லை. நிறையவே வாசித்தார்கள்.

அந்தக் காலத்து சோல் பதிவுகளில் பாட்டின் வரிகள் தீர்ந்த பிறகும் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு போவது வழக்கம். அதன்மேல் பாடகர் மனதுக்குத் தோன்றியதைப் பாடுவார், கெஞ்சுவார், கத்துவார். அப்புறம் தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து மிக்ஸ் செய்யும்போது பொறியாளர் ஒலியை மெல்ல இறக்கிவிடுவார். வானொலிக்கு மூன்று நிமிடம் போதும். 7 அங்குல ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் ஐந்து நிமிடத்தைத் திணித்தால் பள்ளங்கள் நெருக்கமாகி ஒலியின் பலம் குறைந்துவிடும். அதனால் வெட்டினார்கள்.

ஆனால் ஒலி இறங்குவது மிக்ஸ் செய்த டேப்பில்தான். முதலில் பதிவான இரண்டு அங்குல மல்டிட்ராக் டேப்பில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களில் முழு ஒலியோடு போய்க்கொண்டிருக்கும். அந்த டேப் ஒரு ரீல் 2,500 அடி. நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓட்டினால் பதினாறரை நிமிடத்துக்கு மேல் தாங்கும். 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம். நம் காதில் விழுந்தது அதில் மூன்றரை நிமிடம்.

எனக்கு இந்த ஏக்கம் பள்ளிக்கூடக் காலத்திலேயே தொடங்கியது. நாளைக்கு எழுதுகிறேன்.

5 ஜூன் 2023

சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஒரு முறை ஊருக்கு வரும்போது ராட்டர்டாமில் வாங்கிய இரட்டை எல்.பி. (இரண்டு பெரிய ரெக்கார்டு கொண்ட தொகுப்பு) ஒன்றைக் கொண்டுவந்தார். ‘ஃபிலடெல்ஃபியா கிளாசிக்ஸ்’, 1977. எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. அதனால் தூத்துக்குடியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து எனக்காகக் கேசட்டில் பதிந்து தந்தார்.

அதில் ஹெரால்ட் மெல்வின் அண்ட் த ப்ளூ நோட்ஸ் பாடிய ‘டோன்ட் லீவ் மீ திஸ் வே’ இருந்தது. டாம் மோல்டன் நீட்டிய மிக்ஸ், 11 நிமிடம். என் கேசட்டில் எட்டாவது நிமிடத்தில் பக்கம் தீர்ந்துவிடும். பாடகர் டெடி பென்டர்கிராஸ் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருப்பார், டக் என்று அமைதி. கேசட்டைத் திருப்புவேன். அடுத்த பக்கத்தில் வேறு பாட்டு.

அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை நான் கேட்டது இருபது வருடம் கழித்து. அதுவரை அதில் என்ன இருக்கும் என்று எனக்கு நானே வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டவருக்கு என் வயது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் அவருக்கு இது புரியும்.

5 ஜூன் 2023, பிறகு

ஒன்று விட்டுவிட்டேன். ரெக்கார்டு நிறுவனங்களே அந்த மிச்சத்தைச் சில நேரம் காட்டியிருக்கின்றன. 1973-இல் அதே குழுவின் ‘த லவ் ஐ லாஸ்ட்’ 7 அங்குலத்தில் வந்தபோது ஒரு பக்கம் பாகம் 1, மறுபக்கம் பாகம் 2. ஓஜேஸ் குழுவின் ‘ஐ லவ் மியூசிக்’ 1975-இல் வந்ததும் அப்படித்தான். பாட்டின் நடுவில் எழுந்துபோய் ரெக்கார்டைத் திருப்ப வேண்டும். அந்த வயதில் நான் கேசட்டைத் திருப்பினேன், அமெரிக்காவில் அவர்கள் இதைத் திருப்பினார்கள்.

7 ஜூன் 2023

சரி, நீட்டும் வேலை எங்கே தொடங்கியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

டாம் மோல்டன் டி.ஜே. இல்லை. நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்டில் ஆட்டக்கூடத்தில் நின்று பார்த்தவர். ஜனங்கள் ஆட்டத்தில் ஊறிப்போகும் நேரத்தில் பாட்டு முடிகிறது. அடுத்த பாட்டின் வேகம் வேறு, கால் தடுமாறுகிறது, களத்தை விட்டு இறங்கிவிடுகிறார்கள். இதைத் தீர்க்க அவர் வீட்டில் உட்கார்ந்து பாட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி 45 நிமிட டேப் ஒன்று செய்தார். அதற்கு 80 மணி நேரம் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 80 மணி நேரம்! இன்று கணினியில் ஒரு பிற்பகல் போதும்.

அதிலிருந்து நிறுவனங்களின் வேலை வந்தது. 1974-இல் பி.டி. எக்ஸ்பிரஸ் குழுவின் ‘டூ இட்’ பாட்டை நீட்டினார், அது பெரிய வெற்றி. 1975-இல் வந்த பாடகி குளோரியா கேனரின் ‘நெவர் கேன் சே குட்பை’ எல்.பி.யில் முதல் பக்கம் முழுவதும் மூன்று பாட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஓடும். கேனருக்கு அதைக் கேட்டதும் தான் பாடும் நேரம் குறைவாக இருக்கிறதே என்று வருத்தம் வந்தது என மோல்டன் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த வருத்தம் நியாயம்தான். நீட்டும்போது வளர்வது பெரும்பாலும் தாளமும் வாத்தியமும்தான், பாடகரின் பங்கு அப்படியே நிற்கிறது.

12 அங்குல சிங்கிள் (ஒரு பாட்டுக்கான பெரிய ரெக்கார்டு) பிறந்ததும் இவர் கையில்தான். மீடியா சவுண்ட் ஸ்டூடியோவில் ரெக்கார்டு வெட்டும் ஹோஸே ரோட்ரிகெஸிடம் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது, 10 அங்குலம்தான் கையில் இருந்தது. பெரிய தட்டில் சின்ன வட்டமாகப் பள்ளம் ஓடினால் பார்க்க நன்றாக இருக்காது என்று பள்ளங்களை அகலமாகப் பரப்பினார்கள். பரப்பினால் ஒலியைக் கூட்டலாம். கூட்டிப் போட்டுக் கேட்டதும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்ததை 12 அங்குலத்தில் வெட்டினார்கள். அதுதான் முதல் 12 அங்குல சிங்கிள்.

8 ஜூன் 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ‘முதல் 12 அங்குலம்’ என்று பொதுவாக எழுதிவிட்டேன். மோல்டன் வெட்டியது டி.ஜே.க்களுக்காக. கடையில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக வந்த முதல் 12 அங்குல சிங்கிள் 1976-இல் சால்சோல் நிறுவனம் போட்டது: டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’. அதை மிக்ஸ் செய்தவர் வால்டர் கிப்பன்ஸ் என்ற டி.ஜே. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது, மன்னிக்கவும்.

11 ஜூன் 2023

கிப்பன்ஸைப் பற்றி ஒரு வரியோடு விட எனக்கு மனம் வரவில்லை.

1977-இல் லொலீட்டா ஹாலோவேயின் ‘ஹிட் அண்ட் ரன்’ பாட்டின் மல்டிட்ராக்கை சால்சோல் அவரிடம் கொடுத்தது. ஒரு டி.ஜே.யிடம் மல்டிட்ராக்கையே கொடுப்பது அன்று கேள்விப்படாத விஷயம். அவர் அதில் என்ன செய்தார் தெரியுமா? பாட்டின் வரிகளைப் பெருமளவு தூக்கிவிட்டார். கடைசியில், ஒலி இறங்கி மறையப் போகிற இடத்தில், ஹாலோவே வரிகளை மறந்து தன் போக்கில் உறுமியும் சிரித்தும் பாடியிருந்த பகுதியை எடுத்து நடுவில் வைத்தார். 11 நிமிடம்.

முதல் பதிவில் ஓரமாகக் கிடந்தது இங்கே பாட்டாகிவிட்டது. கேள்வி கேட்டவரே, நீங்கள் தேடும் மிச்சம் இதுதான். 46 வருடம் முன்னால் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, வரிகளைவிட இதுதான் பெரிது என்று தீர்மானித்திருக்கிறார். கிப்பன்ஸ் 1994-இல் இறந்துவிட்டார்.

இந்த மிக்ஸைப் போடும்போதெல்லாம் என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து “இன்னும் அந்தம்மா பாடி முடிக்கலையா?” என்று கேட்பாள். “இல்லை, இப்போதான் ஆரம்பிச்சிருக்காங்க” என்பேன்.

12 ஜூன் 2023

இரவெல்லாம் யோசித்ததில் என் முதல் பதிலே கொஞ்சம் இடிக்கிறது.

டேப்பில் எல்லாம் இருக்கிறது, எடுத்து வெளியிட்டால் போதும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஸ்டூடியோ இசைக்குழுவான எம்.எஃப்.எஸ்.பி.யின் ‘லவ் இஸ் த மெஸேஜ்’ ஆல்பத்தில் ஆறரை நிமிடம். மோல்டனின் 1977 மிக்ஸில் 11 நிமிடத்துக்கு மேல். ஆட்டக்கூடங்களில் ஜனங்கள் உயிரை விட்டது இந்த நீண்ட மிக்ஸின் பின்பாதிக்கு. நியூயார்க்கில் பல வருடம் அதுதான் ராத்திரியின் உச்சம். அந்தப் பின்பாதி அப்படியே ஒரு துண்டாக டேப்பில் படுத்திருந்து மோல்டன் கதவைத் திறந்ததும் எழுந்துவந்ததில்லை. எந்த வாத்தியத்தை மூடுவது, எதை எப்போது திறப்பது, எந்தச் சுற்றை மறுபடி கொண்டுவருவது என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்தார்.

ஆக, நாம் கேட்பது இரண்டு வேறு பொருள். ஒன்று, அன்று வாசித்தது, வெட்டப்படாமல். இன்னொன்று, அன்றைய ஆள் ஒருவர் அதிலிருந்து கட்டிய மிக்ஸ். முதலாவது பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டாவது, யாராவது செய்திருந்தால்தான் உண்டு.

12 ஜூன் 2023, மதியம்

இல்லை, இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை. இசைக்குழு நீளமாக வாசித்திருந்ததால்தானே மோல்டனால் கட்ட முடிந்தது? டிரம்ஸில் ஏர்ல் யங், பேஸில் ரானி பேக்கர், கிட்டாரில் நார்மன் ஹாரிஸ். இந்த மூன்று பேரும் ஒரு சுற்றைப் பிடித்தால் பத்து நிமிடத்துக்கும் அது தேயாது. ஒவ்வொரு சுற்றிலும் நூல் அளவு வித்தியாசம் இருக்கும். யங்கின் ஹை-ஹாட்டை (காலால் திறந்து மூடும் ஜோடித் தாளம்) மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். ‘த லவ் ஐ லாஸ்ட்’ மெதுவான சோகப் பாட்டாகத்தான் தொடங்கியது. பதிவின்போது வேகம் கூட்டி, அந்த ஹை-ஹாட்டின் திறப்பும் மூடலும் அதில் ஏறியதும் அது வேறு பாட்டாகிவிட்டது. பின்னால் வந்த டிஸ்கோ தாளம் பூராவும் அங்கிருந்து ஒழுகியதுதான்.

அந்த மெதுவான வடிவத்தில் ஒரு நிமிடம் கிடைத்தால்கூட எனக்குப் போதும். நீண்ட மிக்ஸ் எதுவும் வேண்டாம்.

19 ஜூன் 2023

“டேப்புகள் எங்கே இருக்கின்றன?” இது நல்ல கேள்வி.

மேலே சொன்ன ஃபிலடெல்ஃபியா பாட்டுகள் பெரும்பாலும் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவானவை. ஜோ டார்ஸியா 1968-இல் நார்த் 12-ஆவது தெருவில் தொடங்கியது. கெனத் கேம்பிளும் லியோன் ஹஃபும் 1971-இல் ஃபிலடெல்ஃபியா இன்டர்நேஷனல் ரெக்கார்ட்ஸைத் தொடங்கியபோது அதுதான் அவர்களுடைய பட்டறை. ஸ்டூடியோ கைமாறிய பிறகு அங்கே தங்கிப்போயிருந்த டேப்புகள், சுமார் 7,000, அதே ஊரிலுள்ள டிரெக்ஸல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. மாணவர்கள் அவற்றை வரிசைப்படுத்தி, எண்முறைக்கு மாற்றிப் படிக்கிறார்கள்.

ஆனால் டேப் ஒருவர் கையில், உரிமை இன்னொருவர் கையில். அலமாரியில் இருப்பதாலேயே வெளியிட்டுவிட முடியாது. பாடியவர், எழுதியவர், நிறுவனத்தை வாங்கிய நிறுவனம், அதை வாங்கிய இன்னொரு நிறுவனம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். நமக்கு நிலப் பத்திரம் தெரியும், தாய்ப் பத்திரம் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

20 ஜூன் 2023

தீயைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

1978 பிப்ரவரியில் நியூ ஜெர்ஸியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் கிடங்கு எரிந்தது. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட டேப் போயிற்று. வெளியான பாட்டுகளின் மூல டேப்புகள் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தன. எரிந்தவற்றில் பெரும்பகுதி 1940-களின் கடைசியிலிருந்து 60-கள் வரையிலான வெளியிடாத பதிவுகள், மாற்று டேக்குகள் (அதே பாட்டை வேறு முறை பாடிப் பதிந்தவை), ஒத்திகைகள். விற்பதற்குப் பயன்படாது என்று நியூ ஜெர்ஸிக்கு ஒதுக்கப்பட்டவை. அதாவது, நாம் இங்கே உட்கார்ந்து ஏங்கிக்கொண்டிருக்கும் வகை.

2008 ஜூன் 1-ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் இன்னொரு தீ. அங்கே டேப்புகள் எரிந்தது வெளியே முழுதாகத் தெரியவந்தது 2019-இல், நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகு. பதினொரு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு எரிந்ததைவிட இந்த மௌனம்தான் ஆறவில்லை.

26 ஜூன் 2023

எரியாமல் மிஞ்சிய டேப்பும் சும்மா ஓடிவிடாது. எழுபதுகளின் நடுவிலிருந்து நிறைய ஸ்டூடியோக்கள் வாங்கிய ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளில் காந்தத் தூளை நாடாவோடு பிடித்துவைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே மாட்டி ஓட்டினால் தூள் உரிந்து மெஷினின் தலையில் அப்பிக்கொள்ளும். உரிந்து விழுவது தூசி இல்லை, பாட்டு.

அதனால் முதலில் சுடுகிறார்கள். 50, 55 டிகிரி செல்சியஸ் அளவில், கூடவும் கூடாது குறையவும் கூடாது, மணிக்கணக்கில். இரண்டு அங்குல ரீல் தடிமன், அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். அப்பளம் காயவைக்கிற பொறுமை வேண்டும். சுட்டால் ஈரம் இறங்கிப் பசை இறுகும், சில வாரங்களுக்கு டேப் ஓடும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். இதற்கெல்லாம் ஆள், மெஷின், பணம். ஒரு பாட்டின் நீண்ட மிக்ஸை வாங்க உலகம் பூராவும் சில ஆயிரம் பேர்தான் இருப்போம். கணக்குப் போடுகிறவர் ஏன் தயங்குகிறார் என்று புரிகிறது. புரிவதால் ஆசை குறைந்துவிடவில்லை.

3 ஜூலை 2023

ஒரு மனக்குறை. சில வருடம் முன்னால் ஒரு தொகுப்புக் குறுவட்டு வாங்கினேன். உறையில் ‘முதல் முறையாக, மூல டேப்பிலிருந்து, நீண்ட மிக்ஸ்’ என்று போட்டிருந்தது. தபாலில் வர மூன்று வாரம், சுங்கம் வேறு. போட்டதும் முதல் நான்கு நொடியிலேயே தெரிந்துவிட்டது. பழைய 12 அங்குல ரெக்கார்டிலிருந்து எடுத்தது. டேப் கிடைக்காவிட்டால் ரெக்கார்டிலிருந்து எடுப்பது குற்றமே இல்லை, நன்றாகச் செய்தால் நானே வாங்குவேன். உறையில் பொய் எழுதியதுதான் வலித்தது.

கண்டுபிடிக்கும் வழி கேட்டவர்களுக்கு: பாட்டு தொடங்கும் முன் உள்ள அமைதியில் ஹெட்போன் வைத்துக் கேளுங்கள், ஊசியின் லேசான பொரியும் சத்தமும் அடியில் ஒரு உறுமலும் இருக்கும். கடைசியில் ஒலி இறங்கும் இடத்திலும் அதே. ரெக்கார்டின் உள்வட்டத்துக்கு வரவர ‘ஸ’, ‘ஷ’ ஓசைகள் கரகரக்கும், அதுவும் ஒரு அடையாளம். லேபிளில் அச்சிட்ட நேரத்தை மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள், கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 6:20 என்று போட்டு 5:10 ஓடும் ரெக்கார்டு என்னிடமே இருக்கிறது.

9 ஜூலை 2023

நம்பிக்கைக்கும் காரணம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் 1981-இல் பாடகர் ஜானி மாத்திஸுக்கு ஒரு முழு ஆல்பம் தயாரித்தார்கள், ‘ஐ லவ் மை லேடி’. எட்டுப் பாட்டு. நிறுவனம் அதை அலமாரியில் வைத்துவிட்டது. 2010-இல் ஷீக் தொகுப்பில் அதிலிருந்து சில பாட்டுகள் எட்டிப் பார்த்தன. முழு ஆல்பமும் 2017-இல் மாத்திஸின் பெரிய பெட்டியில் வந்தது. 36 வருடம். எட்வர்ட்ஸ் 1996-இலேயே போய்விட்டார். அந்த பேஸ் கிட்டார் அத்தனை காலமும் அப்படியே விறைப்பாகக் காத்திருந்திருக்கிறது, கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

எழுபதுகளைத் தாண்டிப் போகிறேன், தெரிகிறது. ஆனால் இதே இருவரின் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

9 ஜூலை 2023, இரவு

பாடகி டயானா ராஸின் 1980 ஆல்பம் ‘டயானா’. ராஜர்ஸும் எட்வர்ட்ஸும் மிக்ஸ் செய்து கொடுத்தார்கள். ராஸுக்கும் அவருடைய ரெக்கார்டு நிறுவனமான மோட்டவுனுக்கும் அது பிடிக்கவில்லை. மோட்டவுன் பொறியாளர் ரஸ் டெரானா மறுபடி மிக்ஸ் செய்தார்; நீண்ட வாத்தியப் பகுதிகளைச் சுருக்கினார், வேகத்தைக் கூட்டினார், ராஸ் குரலையும் புதிதாகப் பதிந்தார். உலகம் கேட்டது அதைத்தான், அதுதான் வெற்றியும் பெற்றது. தயாரிப்பாளர்களின் முதல் மிக்ஸ் 2003-இல் வந்தது.

வந்த வாரத்திலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டவன் நான். முதல் மிக்ஸில் கிட்டாருக்கும் பேஸுக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது. அதைத்தான் எல்லாரிடமும் உயர்வாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் எதைப் போடுகிறேன் என்று எண்ணிப் பார்த்தால் டெரானாவின் மிக்ஸ்தான் அதிகம். முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஒன்றைக் கேட்டதால்தான் இன்னொன்றின் வேலை தெரிந்தது. அதற்காகவாவது பெட்டிகளைத் திறக்க வேண்டும்.

16 ஜூலை 2023

மென்பொருள் வைத்துக் குரலையும் தாளத்தையும் பிரித்து ரசிகர்களே நீட்டிக்கொள்ளலாமே என்று ஒரு இளைஞர் எழுதியிருக்கிறார். அவர் செய்த ஒன்றையும் கேட்டேன். கை சுத்தம், ஒட்டிய இடம் தெரியவில்லை. தம்பி, உழைப்புக்கு வணக்கம்.

ஆனால் எனக்கு வேண்டியது இதில் இல்லை. மென்பொருள் பிரித்துக் கொடுப்பது ஒலி இறங்குவதற்கு முன்னால் உள்ளதை. அதே நான்கு சுற்றை வெட்டி ஒட்டினால் ஏர்ல் யங் ஐந்தாவது சுற்றில் என்ன செய்திருப்பார் என்பது வராது, நான்காவது மறுபடி வரும். அந்த ஐந்தாவது சுற்று ரீலில்தான் இருக்கிறது. 2012-இல் இங்கிலாந்தில் ஹார்ம்லெஸ் என்ற லேபிள் ஃபிலடெல்ஃபியா இன்டர்நேஷனல் பாட்டுகளுக்கு டாம் மோல்டனின் மிக்ஸ்களை நான்கு குறுவட்டில் போட்டது. பழையவற்றோடு அவர் புதிதாகச் செய்தவையும் உண்டு. 70 வயது தாண்டிய மனிதர் அதே பாட்டுகளிடம் திரும்பிப் போயிருக்கிறார். நாற்பது வருடமாக நமக்குக் கேட்டிராத ஒரு வயலின் வரி, ஒரு சிரிப்பு, ஒரு ‘ஹே’ அதில் தலைகாட்டுகிறது. இதை எந்த மென்பொருளும் ஊகித்துத் தராது.

16 ஜூலை 2023, சற்றுப் பிறகு

தம்பிக்கு மேலே எழுதியது கடுமையாகப் போய்விட்டதோ என்று படுகிறது. மோல்டனும் கத்தரியும் ஒட்டும் நாடாவுமாக வீட்டில் உட்கார்ந்துதான் தொடங்கினார். நிறுத்த வேண்டாம்.

2 செப்டம்பர் 2023

ஒரு பெரிய திருத்தம். ஜூன் 5-ஆம் தேதி எழுதியது தவறு.

போன வாரம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு இப்போது 79. இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். எட்டாவது நிமிடத்தில் கேசட் தீர்ந்த கதை வந்ததும் கையை உயர்த்தினார். “கேசட் எங்கடா தீர்ந்துச்சு? பிளேட்ல கீறல். கப்பல்ல விழுந்துச்சு. ஊசி அங்க மாட்டிக்கிட்டு நகர மாட்டேன்னுச்சு, அதான் அந்தப் பையன் நிறுத்திட்டான்.”

கேசட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஓடவிட்டுப் பார்த்தேன். டக் என்று நின்ற பிறகு அந்தப் பக்கத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் வெற்று நாடா ஓடுகிறது. அமைதி வந்ததும் திருப்பிவிடுவேன், ஒரு நாளும் அதற்கு மேல் ஓடவிட்டதில்லை.

17 செப்டம்பர் 2023

மறுபடி போனேன், இந்த முறை என் ரெக்கார்டு பிளேயரையும் தூக்கிக்கொண்டு. சித்தப்பா பீரோவின் மேல்தட்டிலிருந்து எல்.பி.யை எடுத்துத் தந்தார். உறையில் உப்புக்காற்றுக் கறை. கீறல் விரல் நீளம் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது.

ஊசி எட்டாவது நிமிடத்தில் மாட்டிக்கொண்டு அதே இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. சித்தப்பா சிரித்தார். நான் கையால் தூக்கிக் கீறலுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். மீதி இரண்டு நிமிடம் சொச்சம் ஓடியது. அவர் அதற்கு முன் அதைக் கேட்டதே இல்லையாம், வாங்கிய மறுநாளே கப்பலில் விழுந்துவிட்டதாம். முடிந்ததும், “இன்னொரு வாட்டி வை, அந்தக் கடைசித் துண்டை மட்டும்” என்றார். வைத்தேன்.